மே மாதத்தில் பூப் பார்க்கப் போகலாமா? ரொறன்ரோவின் வசந்தகாலம் பற்றிய ஒரு கையேடு

ஸ்காபரோவில் இருக்கும் என் சின்னம்மா கனடாவுக்குப் போய்ப் பதின்மூன்று வருடங்கள். அந்த நகரத்தின் வசந்தகாலம் என்றதும் எல்லோரும் சொல்லும் ஹை பார்க் செர்ரிப் பூக்களை அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. போகத் தெரியாமல் அல்ல. "மே மாசம் எங்களுக்குப் பூப் பாக்கிற மாசமே, பிள்ளை?" என்று கேட்டார். அவருடைய மூத்த மகன் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்.

மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே இறுதிவரை நான் அவருடன் தங்கியிருந்தேன். அந்த வீட்டிலும் அயல் வீடுகளிலும் நான் பார்த்தது ஒன்றுதான். பேரப்பிள்ளைகளைப் பார்க்க விசிட் விசாவில் வந்த அம்மாக்களும் அப்பாக்களும் பனி கரைந்த பிறகும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு வேலை செய்கிறார்கள். எங்கே போவது, எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று சொல்ல ஆளில்லை. அவர்களுக்காகவும், அடுத்த வருடம் போகக் காத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன்

நாட்காட்டியின்படி வசந்தம் மார்ச் 20 அளவில் தொடங்குகிறது. அதற்கு முன்பே, மார்ச் இரண்டாவது ஞாயிறில், மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்திவிடுவார்கள். ஆனால் குளிர் நாட்காட்டி பார்ப்பதில்லை. ஏப்ரலில் ஒரு நாள் வெயில் எறிக்கும், மறுநாள் பனி கொட்டும். ஒரு தடித்த கோட்டைவிட, கழற்றிக் கழற்றிப் போடக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகளே உதவும்.

பொதுப் போக்குவரத்தில் ஒரு தடவை கட்டணம் செலுத்தினால் இரண்டு மணித்தியாலங்களுக்குள் எத்தனை பேருந்தும் சுரங்க ரயிலும் மாறி ஏறலாம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. ஸ்காபரோவின் உள்ளூர் ரயில் பாதை 2023இல் மூடப்பட்டுவிட்டதால், முதலில் பேருந்தில் கெனடி நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து இரண்டாம் பாதை ரயில் நகரத்தைக் குறுக்கறுத்து மேற்கே ஓடுகிறது.

மார்ச்: மேப்பிள் பாணி

வசந்தத்தின் முதல் நிகழ்வு பூ அல்ல, பாணி. இரவில் உறைகுளிரும் பகலில் அதைவிடச் சற்று வெப்பமும் இருக்கும் சில வாரங்களில் மட்டும் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். தண்டில் சிறு துளையிட்டு அதைச் சேகரிக்கிறார்கள். ஏறத்தாழ 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லீற்றர் பாணி கிடைக்கும். இந்த வித்தை ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பூர்வகுடி மக்களிடம் இருந்தது. நகருக்கு வடக்கே வோன் பகுதியிலுள்ள கோட்ரைட் நிலையத்தில் மார்ச் மாதத்தில் இதற்கென ஒரு விழா நடக்கிறது.

பதநீர் காய்ச்சிப் பனங்கட்டி எடுத்த ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாங்கள் போயிருந்தபோது ஒரு ஐயா கொதிக்கும் பாத்திரத்தின் அருகே நெடுநேரம் நின்று, "இன்னும் கொஞ்சம் இறுகவிட்டால் கட்டியாகும்" என்றார். அவர் சொன்னது சரி. மேப்பிள் சீனியும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஏப்ரல்: விழாக்களின் மாதம்

பெரிய வெள்ளியன்று லிட்டில் இத்தாலி பகுதியில் சிலுவைப் பாதை ஊர்வலம் தெருக்களினூடாகப் போகும். உயிர்த்த ஞாயிறன்று கிழக்கே பீச்சஸ் பகுதியில் குயின் வீதி வழியே ஊர்வலம் வரும். பிள்ளைகளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. ஏப்ரல் நடுப்பகுதியில் சித்திரைப் புத்தாண்டு. வேலைநாளில் வந்தால் கோயில்களில் அதிகாலையிலும் மாலையிலும்தான் சனம் அதிகம்.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம்வரை 'ஹொட் டொக்ஸ்' ஆவணப்பட விழா நடக்கும். 1993இல் தொடங்கிய இவ்விழாவில் உலகின் பல மூலைகளிலிருந்தும் போர், இடப்பெயர்வு, காணாமல் போனோர் பற்றிய படங்கள் வருகின்றன. இதழியல் படிக்கும் பிள்ளைகள் தவறவிடக்கூடாது.

ஹை பார்க்: பூக்களின் கதை

செர்ரி மரங்கள் பொதுவாக ஏப்ரல் இறுதிக்கும் மே முற்பகுதிக்கும் இடையில் பூக்கும். முழுப்பூ நிற்பது நான்கு நாள் முதல் பத்து நாள் வரைதான். காற்றும் மழையும் வந்தால் அதுவும் இல்லை. பூக்கும் நாட்களில் பூங்காவுக்குள் வாகனங்களை விடுவதில்லை. ஹை பார்க் நிலையத்தில் இறங்கினால் பூங்கா வாசல் கிட்டத்தான். வார நாளில் காலை எட்டு மணிக்கு முன் போனால் நெரிசல் இராது. கொப்பை வளைப்பதும் பூப் பறிப்பதும் கூடாது. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ரொபாட்ஸ் நூலகத்தடி, ரிறினிற்றி பெல்வூட்ஸ் பூங்கா, படகில் போகும் சென்ரர் தீவு ஆகியவற்றிலும் இதே பூக்கள் உண்டு.

ஆனால் இந்த மரங்கள் இங்கு வந்த கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

1942இல், யப்பானுடன் யுத்தம் மூண்டதும், கனடிய அரசு மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 யப்பானியக் கனடியர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றி, உள்நாட்டு முகாம்களுக்கும் பண்ணைகளுக்கும் அனுப்பியது. அவர்களில் பெரும்பாலானோர் கனடாவிலேயே பிறந்தவர்கள் அல்லது குடியுரிமை பெற்றவர்கள். சுமார் 1,200 மீன்பிடிப் படகுகள் பறிக்கப்பட்டன. வீடும் காணியும் அவர்களைக் கேட்காமலே விற்கப்பட்டன. 1945இல் யுத்தம் முடிந்த பிறகும் கரையோரத்துக்குத் திரும்ப விடவில்லை. அந்தத் தடை 1949இல்தான் நீங்கியது. அதற்குள் பலர் ரொறன்ரோவுக்கு வந்து, வெறுங்கையோடு வாழ்க்கையைத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த மக்களை ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக, 1959இல் ரோக்கியோ நகர மக்களின் சார்பில் யப்பானியத் தூதுவர் 2,000 சோமே யோஷினோ செர்ரி மரங்களை ரொறன்ரோ மக்களுக்கு வழங்கினார். கிரெனடியர் குளத்துக்கு மேலேயுள்ள சரிவில் அவை நடப்பட்டன. 1988 செப்ரெம்பர் 22ஆம் திகதி கனடியப் பிரதமர் பிரையன் மல்றோனி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டு உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் வழங்கப்பட்டது.

ஒரு இரவு சமைத்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதையைச் சின்னம்மாவுக்குச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "முகாமிலயும் வைச்சவங்களோ?" என்றார். சற்றுக் கழித்து, "படகும் போட்டுதோ?" என்றார். இரண்டு நாள் கழித்து அவராகவே, "காலமை வெள்ளனப் போட்டு வருவம்" என்றார்.

போனோம். குளத்தைப் பார்த்தபடி ஒரு வாங்கில் இருந்தார். படம் எடுக்க வேண்டாம் என்றார். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "நாப்பத்தாறு வருசம் கழிச்சுத்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறாங்கள், என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மே: பணம் செலவில்லாத இடங்கள்

மே முதல் வார இறுதியில் 'ஜேன் நடை' நடக்கும். நகர ஆய்வாளர் ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007இல் ரொறன்ரோவில் தொடங்கியது. அந்தந்த ஊர்க்காரரே தங்கள் தெருவின் கதையைச் சொல்லிக்கொண்டு நடத்திச் செல்வார்கள். யாரும் சேரலாம்.

ஸ்காபரோவின் கிழக்கு விளிம்பிலுள்ள றூஜ் தேசிய நகரப் பூங்கா 79 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நுழைவு இலவசம். மேயில் அங்கே காட்டுத் தரையில் மூன்று இதழ்கொண்ட வெள்ளை றில்லியம் பூக்கள் விரியும். 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ இது. விதையிலிருந்து பூக்கப் பல வருடங்கள் எடுக்கும் செடி என்பதால் பிள்ளைகளைப் பறிக்க விட வேண்டாம்.

பறவை பார்க்க விருப்பமென்றால் லெஸ்லி வீதி முனை. நகரத்தில் இடித்த கட்டடங்களின் கல்லும் மண்ணும் கொட்டி ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்கு உருவாக்கிய நிலம் அது. இன்று 300க்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்கே பதிவாகியுள்ளன. மேயில் தெற்கிலிருந்து திரும்பும் சிறு பறவைகள் இறங்கும். வார இறுதிகளில் காலையிலிருந்து போகலாம். வார நாட்களில் மாலையில்தான் திறப்பார்கள்.

மே கடைசி வார இறுதியில் 'டோர்ஸ் ஓப்பன்'. 2000ஆம் ஆண்டு முதல் நடக்கும் இந்நிகழ்வில், மற்ற நாட்களில் உள்ளே போக முடியாத பல கட்டடங்களைக்கூட இலவசமாகப் பார்க்கலாம்.

விக்ரோறியா தினமும் வெடிச் சத்தமும்

மே 25க்கு முந்திய திங்கட்கிழமை விக்ரோறியா தினம். உறைபனி பெரும்பாலும் முடிந்துவிடும் என்பதால் அந்த விடுமுறைக்குப் பிறகே தோட்டம் செய்வார்கள். மிளகாய், கத்தரி, பயிற்றை, வெண்டிக் கன்றுகளை எங்கள் சனமும் அப்போதுதான் வெளியே நடுகிறது.

அன்றிரவு ஏரிக்கரையில் ஆஷ்பிரிட்ஜஸ் குடாவில் பெரிய வாணவேடிக்கை உண்டு. அழகானதுதான். ஆனால் ஒன்றை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அன்று வீட்டு முற்றங்களிலும் வெடி கொளுத்த நகரச் சட்டம் அனுமதிக்கிறது. இரவு 11 மணிவரை அயலெங்கும் சத்தம் கேட்கும். ஷெல் சத்தத்துக்குள் இருந்தவர்களுக்கு, முன்னறிவிப்பு இல்லாமல் அது கேட்பது சாதாரண விஷயமல்ல. பகலிலேயே சொல்லி வையுங்கள். யன்னல்களைச் சாத்தி, கூட ஒருவர் இருங்கள்.

இந்த விடுமுறை மே 18 முதல் 24 வரை எந்த நாளிலும் வரலாம். 2009இல் அது மே 18ஆம் திகதியே வந்தது. 2015, 2020, 2026 ஆகிய வருடங்களிலும் அப்படித்தான்.

மே 18

ரொறன்ரோத் தமிழருக்கு வசந்தம் வீதியோடும் தொடர்புடையது. 2009 மே 10, அன்னையர் தினத்தன்று, கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மணிக்கணக்காக இருந்து யுத்தத்தை நிறுத்தக் கேட்டார்கள். அன்று வண்டிலில் குழந்தை தள்ளிவந்த தாய்மாரின் பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழகம் போகிறார்கள். மே 18உடன் முடியும் ஏழு நாட்களைத் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரமாக ஒன்ராறியோ 2021இல் சட்டமாக்கியது. மே 18ஐ நினைவு நாளாக ஏற்கும் தீர்மானத்தைக் கனடிய நாடாளுமன்றம் 2022இல் ஏகமனதாக நிறைவேற்றியது. பக்கத்து நகரான பிரம்ரனில், சிங்குவாகூசி பூங்காவில், 2025 மே 10 நினைவுத்தூபி திறக்கப்பட்டது. அந்த வாரத்தில் அங்கே போகிறவர்கள் பூவோடு போகலாம். அங்கு யாரும் தடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் கஞ்சி காய்ச்சியதற்கே பொலிஸ் வந்ததை நினைத்தால், இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மே 18 அன்று சின்னம்மா வீட்டில் கஞ்சி காய்ச்சினார். மகனின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். விடுமுறை முடிந்ததும் பின்வளவில் மிளகாய்க் கன்றுகளை நட்டோம். மாத இறுதியில் நான் ஊர் திரும்பினேன்.

அதற்கு அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் தொலைபேசி எடுத்தார். "பூ பூத்திட்டுதாம், றேடியோவில சொன்னவங்கள்" என்றார். போகப் போகிறீர்களோ என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவும் வாறன் எண்டு நிக்கிறா, வெள்ளிக்கிழமை காலமை என்றார்.