ஒருவரே வீசிய காலம்: ஆரம்பகாலப் பேஸ்பாலில் வெற்றி விகிதம்

பேஸ்பாலில் மட்டையாளரை நோக்கிப் பந்தை வீசுபவர் பிட்சர் எனப்படுகிறார். ஆட்டத்தின் முடிவு இவர் பெயரில் எழுதப்படுவதால், இவர் வென்றவற்றை, வென்றவையும் தோற்றவையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் எண்ணே இவரது வெற்றி விகிதம். ஆனால் 1870களில், 45 அடி தொலைவிலிருந்து கையைத் தாழ்த்தியே வீச வேண்டுமென்ற விதியால் தோளுக்குச் சுமை குறைந்து, ஒருவரே நாள்தோறும் வீச முடிந்தமையால், அந்த எண் பிட்சருடையதா, அணியுடையதா என்று பிரித்தறிவது அரிதாயிற்று.

1877இல் லூயிவில் அணி ஆடிய எல்லா ஆட்டங்களிலும் ஜிம் டெவ்லின் ஒருவரே வீசினார். அணி வென்றவை 35, தோற்றவை 25, டெவ்லினுடையதும் அதுவே. அப்பருவம் முடிந்ததும், சூதாடிகளிடம் பணம் பெற்று ஆட்டங்களை விட்டுக்கொடுத்ததாக ஒப்புக்கொண்ட அவர் வாழ்நாள் தடைக்கு உள்ளானார். ஆகவே அவரது 58.3 விழுக்காட்டைத் திறமையின் அளவாகக் கொள்வதற்கு இடமே இல்லை.

ஆல் ஸ்பால்டிங்கின் எண்கள் இன்னும் வியப்பூட்டுபவை. 1875இல் பாஸ்டன் அணிக்காக 54 ஆட்டங்களை வென்று ஐந்தில் மட்டுமே தோற்ற அவரது விகிதம் 91.5 விழுக்காடு; ஆனால் ராஸ் பார்ன்ஸ், டீக்கன் வைட் போன்ற வலிமைமிக்க மட்டையாளர்களைக் கொண்ட அந்த அணியே 71க்கு 8 என்ற கணக்கில், ஏறத்தாழ 90 விழுக்காடு வென்றிருந்தது. மறு ஆண்டு இம்மூவரும் சிகாகோவுக்குப் பெயர்ந்தபோது ஸ்பால்டிங் 47க்கு 12, அணி 52க்கு 14: இரண்டும் மீண்டும் ஒட்டியே நின்றன. அவர் சிறந்த பிட்சர் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு சிறந்தவர் என்பதை மட்டும் இவ்விகிதம் காட்டாது.

1884இல் பிராவிடன்ஸ் அணியின் சார்லஸ் ராட்பர்ன், உடன் வீசிய சார்லி ஸ்வீனி இடையில் விலகியபின் ஏறக்குறைய முழுச் சுமையையும் தாங்கி, 678 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். அவர் வென்றவை 60 என்றும் 59 என்றும் இருவேறு கணக்குகள் உள்ளன. அதே அணியின் சைக்லோன் மில்லர் முதல் ஐந்து இன்னிங்ஸ் வீசி முன்னிலையுடன் விலகிய ஓர் ஆட்டத்தின் வெற்றியை அன்றைய பதிவாளர் ராட்பர்னுக்கு அளித்தார்; பிற்கால விதிப்படி அது மில்லருக்கு உரியது.

1893இல் வீசும் தொலைவு 60 அடி 6 அங்குலமானபின், ஒருவரே நாள்தோறும் வீசும் காலம் மறைந்தது. அக்காலத்தின் எண்களும் அப்படியே நிலைக்கவில்லை. 1969இல் கூடிய பதிவேட்டுக் குழு, ஸ்பால்டிங் பாஸ்டனில் ஆடிய தேசிய சங்கப் போட்டிகளை முதன்மை லீக்காக ஏற்காமல் விட்டதால், அவரது 252 வெற்றிகளில் 204 அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து நீங்கின.