கம்பம் பள்ளத்தாக்கின் மின்வளம்

தேனி மாவட்டத்தில் ஏலமலைக்கும் மேகமலைக்கும் நடுவே கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு, நீர்மின்சாரமும் காற்று மின்சாரமும் அருகருகே விளையும் பகுதி. இரண்டுக்கும் மூலம் தென்மேற்குப் பருவக்காற்று.

கேரள எல்லைக்குள் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை பாசனத்துக்காக எழுந்தது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீரின் வேகம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வீணாகவே போயிற்று. கூடலூரை அடுத்த லோயர்கேம்ப்பில் பெரியாறு மின்நிலையம் 1958-இல் இயங்கத் தொடங்கியது. 1965-இல் நான்காவது இயந்திரமும் சேர்ந்து, தலா 35 வீதம் 140 மெகாவாட் திறன் பெற்றது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. இந்த மின் உற்பத்திக்காக 1970 ஒப்பந்தப்படி கேரளத்துக்குத் தமிழ்நாடு கட்டணம் தருகிறது. மேகமலை நீர்த்தேக்கங்களை நம்பிய சுருளியாறு மின்நிலையம் (35 மெகாவாட்) 1978-இல் வந்தது.

இங்கே தண்ணீருக்கு முதல் உரிமை வயலுக்கும் குடிநீருக்கும்தான். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும், வைகை அணையை நம்பிய கீழ்ப்பகுதிகளுக்கும் மதகு திறந்தால் இயந்திரங்கள் முழுவீச்சில் சுழலும். திறப்பு குறைந்தால் ஒவ்வொன்றாக நிற்கும். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் தமிழ்நாட்டுப் பக்கம் தண்ணீர் எடுக்கவே முடியாது. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளுக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காற்று. மாநிலம் மின்விசிறிக்கும் ஏசிக்கும் கரண்ட் தேடித் தவிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டுமே பெரும்பாலும் ஓய்ந்திருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்தால், நார்வேயும் பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் வாழும் நாடுதான். ஆனால் அங்கே மின்சாரத்துக்கென்றே மலை ஏரிகளில் நீரைத் தேக்கி, குளிர்காலத் தேவைக்கு எடுத்துச் செலவழிக்கிறார்கள். நெல்லோடு பங்கு போட வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இல்லை. 

நுகர்வில் இடைவெளி இன்னும் பெரிது. நார்வேயில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 20,000 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. இந்தியாவில் 2023-24 கணக்குப்படி சுமார் 1,400. ஆலைகளும் இந்தச் சராசரியில் அடக்கம் என்பதால், கிராமத்து வீட்டின் பங்கு இதிலும் மிகக் குறைவு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற தமிழக அரசின் சலுகைக்குள்ளேயே அடங்கிவிடும் வீடுகள் உண்டு.

பள்ளத்தாக்கின் மின்சாரம் மாநிலத் தொகுப்பில் கலந்துவிடுகிறது. அதில் உள்ளூருக்கென்று தனிப் பங்கு கிடையாது. கால்வாய் எட்டாத திராட்சை, வாழைத் தோட்டங்களில் கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் கிடைக்கிறது. மலையிலிருந்து இறங்கும் நீரால் மின்சாரம் எடுப்பதும், நிலத்தடி நீரை மேலேற்ற மின்சாரம் செலவழிப்பதும் சில கிலோமீட்டர் இடைவெளியில் நடக்கின்றன.