முதுகுக்குள் ஒரு நீர்ப்பை

1887, ஜூன் மாதம். லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் கில்பி என்ற ராணுவ கேப்டன், கால் இரண்டும் விளங்காமல் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வருஷக்கணக்கில் வலி. பார்க்காத வைத்தியமில்லை! டாக்டர் கவர்ஸ் பரிசோதித்து, தண்டுவடத்தை ஏதோ அழுத்துகிறது என்றார். எக்ஸ்-ரே வர இன்னும் எட்டு வருஷம் இருந்தது. வெறும் கணக்குதான்! அதை நம்பி விக்டர் ஹார்ஸ்லி முதுகைத் திறந்தார். ஒன்றும் அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே எலும்பை எடுத்துப் பார்த்தால்... பாதாம்பருப்பு அளவில் ஒரு கட்டி! அதை எடுத்த பிறகு, கேப்டன் மெல்ல மெல்ல எழுந்து நடந்தார்.

அழுத்துவது கட்டியாகத்தான் இருக்கணும் என்றில்லை. அபூர்வமாக, தண்ணீர் நிரம்பிய பையாகவும் இருக்கலாம். சில பைகள் பிறவியிலேயே வருபவை. ஒரு வகை மட்டும் நாடாப்புழு வேலை. 1807-லேயே பிரான்சின் ஷோசியே இதை முதுகெலும்பில் பார்த்து எழுதியிருக்கிறார்.

புழு குடியிருப்பது நாயின் குடலில். முட்டை புல்லோடு ஆட்டுக்குள் போய் ஈரல், நுரையீரலில் நீர்ப்பையாகிறது. அறுத்த ஆட்டின் கழிவை நாய் தின்றால், மறுபடி முதலிலிருந்து! நடுவில் மாட்டிக்கொள்கிறவன் மனுஷன். பெரும்பாலும் ஈரலோடு நின்றுவிடும். எலும்புக்குப் போவது ரொம்பக் குறைவு. போனால், ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான்.

திண்டுக்கல் பிரியாணிப் பிரியர்கள் பயப்பட வேண்டாம். கறி தின்று இது வராது. முட்டை வருவது நாயிடமிருந்து. நாயைத் தொட்ட கையையும் பச்சைக் காய்கறியையும் நன்றாகக் கழுவணும். அறுத்த கழிவை நாய்க்கு வீசக்கூடாது.

நம்ம பக்கம் 1949-ல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைக்கென்றே தனித்துறை தொடங்கினார்கள். அன்றைக்குத் திண்டுக்கல்காரருக்கு அது ரயிலேறிப் போகிற தூரம். 2022-ல் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பை எங்கே இருக்கிறதென்று படம் பிடித்தே காட்டிவிடுகிறது. ஆனால் பையை உடையாமல் எடுப்பது இன்றைக்கும் லேசில்லை. உடைந்து சிதறினால் திரும்ப முளைக்கும். அதனால்தான் ஆபரேஷனோடு ஆல்பெண்டசோல் மாத்திரையும் நீண்ட நாள் தருகிறார்கள்.

முதுகுவலி எல்லாம் நீர்ப்பை இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு சாதாரணப் பிடிப்புதான். ஆனால் காலிலிருந்து செருப்பு கழன்றதே தெரியவில்லை, கால் துவள்கிறது, சிறுநீர் கட்டிக்கொள்கிறது என்றால் சுளுக்கு வழித்துக்கொண்டிருக்காதீர்கள். தண்டுவடம் ரொம்ப நாள் காத்திருக்காது!