முரட்டு நாய்க்கு முரட்டுக் கையா? சுவிஸ் மண்ணில் ஒரு நூற்றாண்டு விவாதம்

ஆர்காவ் மாநிலத்தின் பாடன் நகரில் ராட்வீலர் வளர்க்க விரும்புபவர் மாநில அரசிடம் அனுமதி பெற வேண்டும். 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஆர்காவ் நாய்ச் சட்டம், பிட்புல், புல் டெரியர் வகைகளோடு இந்த இனத்தையும் பட்டியலில் சேர்த்தது. மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டைக்கோ நாடு முழுவதும் தடை. முரட்டு நாயை எப்படிப் பழக்குவது என்ற வாதம் சட்டத்தின் கைக்கு வருவதற்குள் ஒரு நூற்றாண்டு கழிந்தது. அதன் இரண்டு திருப்பங்கள் சுவிட்சர்லாந்திலேயே நிகழ்ந்தன. ஒன்று மறக்கப்பட்டது, மற்றொன்று தவறாகப் படிக்கப்பட்டது என்பதே என் முடிபு.

தொடக்கம் ஜெர்மனியில். 1906இல் சார்ப்ருக்கன் காவல்துறையில் நாய்களைப் பழக்கத் தொடங்கிய கொன்ராட் மோஸ்ட், 1910இல் தம் கையேட்டை வெளியிட்டார். நாய்க்கு நன்மை தீமை தெரியாது, செயலைத் தொடரும் இன்பமும் துன்பமுமே அதற்குப் பாடம் என்றார். காலத்தை முந்திய கருத்துதான். ஆனால் துன்பத்துக்கு அவர் கையாண்டவை சாட்டையும் முட்பட்டையும். கையேட்டைப் படித்தவர்களில் பலர் கருத்தை விட்டுவிட்டுச் சாட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் போனது வெவே நகருக்கு மேலே மோன் பெல்ரான் மலைச்சரிவில் இருந்த 'ஃபார்ச்சுனேட் ஃபீல்ட்ஸ்' பண்ணை. அமெரிக்கப் பெண்மணி டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் 1920களில் அங்கே சுவிஸ் ராணுவம், காவல்துறை, சுங்கத்துறை ஆகியவற்றுக்காக ஜெர்மன் ஷெப்பர்டுகளை வளர்த்தார். பண்ணையின் எலியட் ஹம்ஃப்ரியும் லூசியன் வார்னரும் 1934இல் வெளியிட்ட நூல், தொடுதலையும் ஓசையையும் நாய் எந்த அளவுக்கு உணர்கிறது என்று வகைப்படுத்தி, அது மரபுவழி வருவது என்றது. 'கெட்டி நாய்' என்று பயிற்சியாளர் சலித்துக்கொள்வது திமிரைப் பார்த்து அல்ல, மந்தமான தோலுணர்வைப் பார்த்தாக இருக்கலாம். அப்படியானால் அடியைக் கூட்டுவதைவிட, எந்த வேலைக்கு எந்த நாய் என்று தேர்ந்தெடுப்பதே அறிவு. இந்தக் கருத்து பயிற்சித் திடல்களில் வேர்விடவில்லை.

வேர்விட்டது பாசலில் பிறந்த கருத்து. பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் விலங்கு ஆய்வாளர் ரூடால்ஃப் ஷென்கெல் கவனித்த ஓநாய்கள் பத்துவரை, சுமார் 10க்கு 20 மீட்டர் அடைப்புக்குள் அடைந்து கிடந்தவை. அவற்றின் பதவிச் சண்டையை விவரித்த 1947ஆம் ஆண்டுக் கட்டுரை, 'நீ தலைவன் என்று நாய்க்குக் காட்டு' என்ற போதனைக்கு அடித்தளமானது. காட்டில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பமே என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் எழுதியபோது, நாயைப் புரட்டிப்போட்டு அமுக்கும் பழக்கம் வெகுதூரம் பரவிவிட்டிருந்தது.

அதிர்ச்சிப் பட்டை குறித்த சான்றுகள் அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. 2004இல் நெதர்லாந்தின் ஷில்டரும் வான் டெர் போர்க்கும் காவல் பயிற்சியில் 32 நாய்கள் பெற்ற 107 அதிர்ச்சிகளை ஆராய்ந்தார்கள். அதிர்ச்சி பெற்றுப் பழகிய நாய்கள், அதிர்ச்சி தராதபோதும், பூங்காவில் உலாவும்போதும்கூட அழுத்தத்தின் அறிகுறிகளைக் காட்டின. எஜமானர் அருகில் வந்தாலே வலி வரும் என்று அவை கற்றிருந்தன. மறுபக்கம், 2012இல் ஹனோவர் ஆய்வாளர்கள் காவல்துறை நாய்களிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டபோது, வலியில்லாத 'நிறுத்து' சைகை மிகச் சில நாய்களிடமே பலித்தது. கடும் வேட்கையுள்ள மாலினுவா நாய்க்குப் பிஸ்கட் மட்டும் போதும் என்பவர்கள் இந்த முடிவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சட்டம் வேறு காரணத்தால் வேகமெடுத்தது. 2005 டிசம்பரில் சூரிச் மாநிலத்தின் ஓபர்கிளாட்டில் ஆறு வயதுச் சிறுவனை மூன்று பிட்புல்கள் கடித்துக் கொன்றன. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், மின்னதிர்ச்சிக் கருவிகளுக்கான தடையில் ஒரு வாசலை மட்டும் விட்டன: தகுதி பெற்றவர் சிகிச்சைக்காகப் பயன்படுத்த மாநில அரசு அனுமதிக்கலாம். நாய் வளர்ப்போர் எல்லோருக்கும் பயிற்சி வகுப்பும் கட்டாயமாயிற்று. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வரவில்லை. வந்தவர்களின் நாய்களுக்கும் வராதவர்களின் நாய்களுக்கும் பெரிய வேறுபாடும் தெரியவில்லை. 2016 முடிவோடு நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. ஆர்காவின் இனப் பட்டியல் அப்படியே நின்றது.