சவரக்கத்தி திரும்பி வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சில நாட்களாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர், இப்போது முப்பது வயதை ஒட்டியவர்கள், கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர்கள், தாத்தா காலத்துப் பொருள்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஒருவன் மை ஊற்றி எழுதும் பேனாக்களைச் சேர்க்கிறான். ஒரு பெண் சீயக்காய் அரைத்துத் தலைக்குக் குளிப்பதைப் படம் எடுத்துப் போடுகிறாள். இன்னொருவன் பழைய மாதிரி ரேசர், சோப்புக் கிண்ணம், பிரஷ் என்று ஒரு செட்டே வைத்திருக்கிறான். "அஞ்சு நிமிஷ வேலைக்கு அரை மணி நேரமா தம்பி?" என்று கேட்டேன். "அந்த அரை மணி நேரம்தான் சார் எனக்கு வேணும்" என்றான்.

பழைய மோகம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நாற்பது வருடம் பாடம் நடத்திய பழக்கம், எதற்கும் 'ஏன்' என்று கேட்கச் சொல்கிறது. அந்த ரேசரையே எடுத்துக்கொள்வோம்.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் முகச்சவரம் என்றால் நீளக் கத்திதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, ஜெர்மனியில் சோலிங்கன், இந்த இரண்டு ஊர்க் கத்திகளும் உலகப் புகழ் பெற்றவை. கத்தியைக் கல்லில் தீட்ட வேண்டும், தோல்வாரில் இழுக்க வேண்டும். கை நடுங்கினால் ரத்தம்தான். அதனால்தான் அது ஒரு தனித் தொழிலாக இருந்தது. தனக்குத்தானே மழித்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்று பிரான்சில் பெரே என்ற கத்தி செய்யும் கலைஞர் 1769இல் ஒரு புத்தகமே எழுதினார். 1880இல் நியூயார்க்கில் காம்ப்ஃபே சகோதரர்கள் பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஆனாலும் அதன் பிளேடை அடிக்கடி தீட்டத்தான் வேண்டியிருந்தது.

பிறகு வந்தார் கிங் கேம்ப் ஜில்லெட். அவர் பாட்டில் மூடி விற்கும் கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பொருளாகப் பார்த்து ஏதாவது கண்டுபிடி, வாங்கியவன் மறுபடி மறுபடி வருவான் என்று அங்கே அவருக்கு யோசனை சொல்லப்பட்டது. 1895இல் அவருக்கு மெல்லிய தகட்டு பிளேடு பற்றிய எண்ணம் வந்தது. அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்கும் வழியைக் கண்டறிந்தவர் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903இல் விற்பனை தொடங்கியது. முதல் வருடம் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். அவ்வளவுதான்! அடுத்த வருடமே தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது ரேசர் விற்பனை.

முதல் உலகப் போர் மிச்சத்தைச் செய்தது. நச்சுப் புகையைத் தடுக்கும் முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டுமானால் தாடி இருக்கக் கூடாது. அமெரிக்க ராணுவம் 1918இல் சுமார் 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. பதுங்கு குழியில் தானே மழித்துக்கொள்ளப் பழகிய சிப்பாய், ஊர் திரும்பிய பிறகும் அதையே தொடர்ந்தான்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. ஜில்லெட்டின் காப்புரிமை 1904இல் கிடைத்து 1921இல் முடிந்துபோனது. அதன்பிறகு அந்த மாதிரி பிளேடை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இன்றைக்கும் கடையில் ஐந்து ரூபாய்க்கும் குறைவாக விற்கும் இரட்டை முனை பிளேடு எந்தக் கம்பெனியுடையதானாலும், எந்தக் கம்பெனி ரேசரிலும் பொருந்தும். 1971இல் இரண்டு பிளேடு பொருத்திய கேட்ரிட்ஜ் வந்தது. 1998இல் மூன்று, 2006இல் ஐந்து பிளேடுகள். ஒவ்வொன்றும் புதிய வடிவம், புதிய காப்புரிமை. பிடியை ஒருவரிடம் வாங்கிவிட்டால் கேட்ரிட்ஜுக்கும் அவரிடம்தான் போக வேண்டும்.

ஆக, பழைய ரேசரை வாங்கும் இளைஞன் வெறும் ஏக்கத்தில் வாங்கவில்லை. அவன் வாங்குவது யாருக்கும் கட்டுப்படாத ஒரு கருவியை. அது கெட்டுப்போனால் காரணம் கண்ணுக்குத் தெரியும். திருகைக் கழற்றினால் மொத்தமே மூன்று துண்டு. பேனாவும் அப்படித்தான். நிப்பு அடைத்துக்கொண்டால் வெந்நீரில் போட்டுக் கழுவுகிறோம். நம் கையிலுள்ள செல்போன் நின்றுபோனால் நம்மால் என்ன செய்ய முடியும்?

இரண்டாவது காரணம் கை. சுமார் முப்பது டிகிரி சாய்வில், அழுத்தாமல், முடி வளர்ந்த திசை பார்த்து இழுக்க வேண்டும். பழகப் பழகத்தான் வரும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்கிறவனுக்குத் தன் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை. சவரம் அப்படியல்ல. தொடங்குகிறோம், முடிக்கிறோம், கன்னத்தைத் தடவினால் செய்த வேலை விரலுக்குத் தெரிகிறது.

இந்த மனநிலை இன்று நேற்று வந்ததும் அல்ல. இயந்திரங்கள் நிறைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் என்பவர் இதே கேள்வியைக் கேட்டார். கையால் நெய்தார், சாயம் போட்டார். 1891இல் கெல்ம்ஸ்காட் என்ற பெயரில் கை அச்சகம் தொடங்கிப் பழைய முறையில் புத்தகம் அச்சிட்டார். அவர் இறந்த பிறகு அந்த அச்சு இயந்திரம் கைமாறியது. அதில் தன் புத்தகத்தை அச்சிட்டவர் யார் தெரியுமா? ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், சர் முத்து குமாரசுவாமி என்ற ஈழத் தமிழரின் மகன். இலங்கையின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் 1908இல் அப்படித்தான், சில நூறு பிரதிகளாக, கையால் அச்சாகி வெளிவந்தது. கைவினைஞர்கள் நசிந்துபோவதைக் கண்ணால் பார்த்து எழுதிய நூல் அது. அதைக் கை அச்சில் கொண்டுவந்ததில் ஒரு நியாயம் இருந்தது.

ஆனால் மோரிஸுக்கே ஒரு சங்கடம் இருந்தது. அவர் சமத்துவம் பேசியவர். அவர் கையால் செய்த அழகான பொருள்களோ விலை அதிகம். பணக்காரர்கள்தான் வாங்கினார்கள். உழைப்பாளி வீட்டுக்கு இயந்திரம் செய்த மலிவுச் சரக்குதான் போனது. பழையதை விரும்புகிற எல்லோரும் யோசிக்க வேண்டிய இடம் இது.

நம் ஊருக்கு வருவோம். அந்தக் கத்திக்கு இங்கே இன்னொரு வரலாறு உண்டு. அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடியற்காலையில் வீடு வீடாகப் போனவருக்கு அது பொழுதுபோக்கு அல்ல. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து போடும் நெல்தான் கூலி. நல்லது கெட்டது இரண்டுக்கும் அவர் வேண்டும், ஆனால் வீட்டுக்குள் வரக் கூடாது. கட்டிக்கு மருந்து போட்டதும் அவர்தான், பிள்ளைப்பேறு பார்த்தது அவர் வீட்டு அம்மாதான். இத்தனை தெரிந்தும் மரியாதை இல்லை. மகன் பிறந்தால் அவன் கைக்கும் அதே கத்தி.

காந்தியடிகள் 'சத்திய சோதனை'யில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துநர் அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்தி ஒரு கத்தரிக் கருவி வாங்கித் தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு சரியாக வந்தது, பின்பக்கம் கெட்டுப்போனது. நீதிமன்றத்தில் நண்பர்கள் எலி கடித்ததா என்று சிரித்தார்கள். ஆனால் மறுத்தவர்மேல் அவர் குற்றம் சொல்லவில்லை. நம் ஊர் முடிதிருத்துநர் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட நம் சகோதரர்களுக்கு வெட்ட நாம் விடுகிறோமா என்று நினைத்துப் பார்த்தார். தலைமுடிக்குள்ளும் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

தொண்ணூறுகளில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் அப்பா அந்தத் தொழில்தான் செய்தார். மகன் கையில் கத்தியைக் கொடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து படிக்க வைத்தார். இன்று அந்தப் பையன் அரசு வேலையில் இருக்கிறான். சமீபத்தில் பார்த்தபோது இந்த ரேசர் மோகத்தைப் பற்றிச் சொன்னேன். சிரித்தான். அப்புறம், "அப்பாவோட கத்தி பரண்ல கிடக்கு சார். தூக்கிப் போடவும் மனசு வரல, எடுத்துப் பார்க்கவும் மனசு வரல" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சீயக்காயும் அப்படித்தான். எண்ணெய்க் குளியலின் சுகத்தை எல்லோரும் பேசுகிறோம். சீயக்காயைக் காயவைத்து, அரைத்து, தண்ணீர் சுமந்து, புகையில் கண் எரிய விறகடுப்பு ஊதி வெந்நீர் வைத்தது யார்? கடலூர் சின்னிகிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் தொழில் தொடங்கி சிக் ஷாம்பு பாக்கெட்டைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். களையெடுத்துவிட்டு வந்த பெண் சில்லறைக் காசில் தலைக்குக் குளித்து நிமிர்ந்தாள். அந்தப் பாக்கெட்டுகள் இன்று சாக்கடையை அடைக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அவளுக்கு அது விடுதலையாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

நான் கண்டுகொண்டது இதுதான். பழைய வேலை இனிக்க வேண்டுமானால், வேண்டாம் என்று கீழே வைக்கும் உரிமை நமக்கு இருக்க வேண்டும். சலித்துப்போனால் அந்த இளைஞன் நாளைக்கே மின்சார ரேசருக்கு மாறிவிடலாம். பரணில் இருக்கும் கத்திக்குச் சொந்தக்காரர் அப்படி மாற முடியவில்லை. ஒரே கத்திதான். ஒருவருக்கு ஓய்வு, இன்னொருவருக்கு விலங்கு.

அதற்காகப் பிள்ளைகளைக் கேலி செய்யாதீர்கள். கையால் ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும் என்ற அவர்கள் ஆசை நியாயமானது. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பொருளோடு சேர்த்து அதன் கதையையும் வாங்குங்கள். உங்கள் ஊரில் கத்தி பிடித்த பெரியவர் யாராவது இன்னும் இருப்பார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, எப்படித் தீட்டுவது, எந்தச் சாய்வில் பிடிப்பது என்று கேளுங்கள். எந்த வீடியோவிலும் இல்லாத நுணுக்கம் அவர் விரலில் இருக்கும். அவரை 'ஐயா' என்று கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தத் தொழிலுக்கு இவ்வளவு காலம் நாம் கொடுக்காமல் விட்ட கூலி அது.