பைசா கோபுரக் கதை

இத்தாலியில் பைசா நகரின் சாய்ந்த கோபுரத்து உச்சியிலிருந்து கலிலியோ இரண்டு குண்டுகளைப் போட்டார். கனமானதும் இலேசானதும் ஒரே சமயத்தில் தரையைத் தொட்டன. இக்கதையை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். இதில் உண்மை எவ்வளவு?

கலிலியோ பைசாவில் ஆசிரியராக இருந்தது 1589 முதல் 1592 வரை. ஆனால், அக்கோபுரச் சோதனையைத் தம் நூல் எதிலும் அவர் குறிப்பிடவில்லை. அதை 1654-இல் எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் விவியானி. இவர் பிறந்ததோ 1622-இல்!

எழுத்தில் பதிவான சோதனை ஒன்று உண்டு. நெதர்லாந்தில் சைமன் ஸ்டெவின் என்பவர், ஒன்றைப்போல் மற்றது பத்து மடங்கு எடையுள்ள இரு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து பலகைமேல் போட்டார். இரண்டும் விழுந்த ஓசை ஒன்றாகவே கேட்டது. இதை அவர் 1586-இலேயே வெளியிட்டார்.

அப்படியானால் கலிலியோவின் பெருமை குறைகிறதா? இல்லை. சாய்தளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி, அந்நேரத்தில் பாத்திரத்திலிருந்து வடிந்த நீரை நிறுத்துக் காலத்தை அளந்தார். கடந்த தூரம் காலத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கண்டு, 1638-இல் வெளியிட்டார். கோபுரக் கதை இந்த உழைப்பை மறைத்துவிடுகிறது. ஸ்டெவினையோ அடியோடு மறக்கச் செய்துவிட்டது.

இனி இத்தகைய கதையைக் கேட்டால், “யார் எழுதினார்? எப்போது எழுதினார்?” என்று கேளுங்கள்.