பதுவைப் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்வியும்

நம் சமுதாயத்துப் பிள்ளையொன்று உயிரியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டால், "டாக்டருக்குப் படிக்க வையுங்கள்" என்று ஊரார் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தப் படிப்பு இன்றைய உருவத்தை எவ்வாறு அடைந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றின் ஒரு பகுதியை இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இத்தாலி நாட்டில் வெனிசு நகருக்கு அருகே பதுவை என்றோர் ஊர் உள்ளது. கோடி அற்புதர் அந்தோணியாரின் பெயரோடு சேர்த்து நம் மக்கள் கேள்விப்பட்ட ஊர்தான் அது. அங்கே 1222-ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகம் இன்றும் நடைபெற்று வருகின்றது. பண்டைநாளில் மருத்துவம் பயில வந்த மாணவர் முதலில் இலத்தீனும் தருக்கமும் தத்துவமும் கற்றனர். பின்னர் ஹிப்போகிரட்டிஸ், கேலன் என்னும் கிரேக்க மருத்துவர்களின் நூல்களையும், அரபு மொழியில் இப்னு சீனா இயற்றிய மருத்துவ நூலையும் ஆசிரியர் வாசித்துப் பொருள் கூறக் கேட்டனர். கேட்டதைக் கொண்டு சொற்போர் நிகழ்த்தினர். படிப்பின் பெரும்பகுதி இவ்வாறு நூலைச் சுற்றியே நடந்தது.

உடற்கூறு பாடம் நடந்த முறையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசில் அச்சான மருத்துவ நூலொன்றில் ஒரு படம் உண்டு. பேராசிரியர் உயர்ந்த பீடத்தில் அமர்ந்திருக்கிறார். கீழே மேசைமேல் சவம் கிடக்கிறது. அதனை அறுப்பவர் வேறொருவர். அந்நாளில் இவ்வேலை பெரும்பாலும் நாவிதர்க்கோ அறுவைக்காரர்க்கோ உரியது. அவர்கள் இலத்தீன் அறியாதவர்கள். நூலறிந்தவர் உடலைத் தொடவில்லை. உடலைத் தொட்டவர்க்கு நூல் தரப்படவில்லை. இந்த ஏற்பாடு நமக்கு அயலானதா என்ன?

இதனை மாற்றியவர்களுள் முதன்மையானவர் பிரசெல்சு நகரில் பிறந்த ஆந்திரேயாஸ் வெசேலியஸ். 1537 டிசம்பரில் பதுவையில் பட்டம் பெற்றவுடன் அங்கேயே ஆசிரியராக அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு 23 வயது நிறையவில்லை. அவர் பீடத்தை விட்டு இறங்கினார். கத்தியைத் தம் கையிலேயே எடுத்தார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கேலன் எழுதியிருந்தார். வெசேலியஸ் பார்த்தபோது ஒரே எலும்புதான் இருந்தது. மார்பெலும்பின் பகுதிகளைப் பற்றிய கணக்கும் தவறாயிருந்தது. கேலன் அறுத்துப் பார்த்தவை குரங்கு முதலிய விலங்குகளே. 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நூலை ஓதியவர்கள் அதனைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டு வந்தனர். வெசேலியஸ் 1543-இல் வெளியிட்ட பெருநூலின் முகப்புப் படத்தில், அவரே சவத்தின் அருகே நிற்கிறார். பழைய அறுப்பாளர் இருவர் மேசையடியில் கிடக்கின்றனர். கத்தி மேலோர் கைக்கு வந்தபோது, அதுவரை அதனைப் பிடித்தவர்க்குப் பெயரும் கிடைக்கவில்லை, பட்டமும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1595-இல் பதுவையில் உடற்கூறு அரங்கம் ஒன்று நிலையாகக் கட்டப்பட்டது. அது கிணறு போன்ற அமைப்பு. நீள்வட்டமான ஆறு அடுக்குகளில் மாணவர் நின்றபடியே கீழே நோக்குவர். அங்கே அறுக்கப்பட்டவை பெரும்பாலும் தூக்கிலிடப்பட்டோர், ஏழைகள் ஆகியோரின் உடல்கள். மூலிகைகளை நேரில் அறிய 1545-இலேயே ஒரு தோட்டம் அமைந்தது. தா மோந்தே என்னும் பேராசிரியர் மாணவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று நோயாளியின் படுக்கையருகே பாடம் நடத்தினார். இரத்த ஓட்டத்தை 1628-இல் உலகிற்கு விளக்கிய ஹார்வி, 1602-இல் பதுவையில் பட்டம் பெற்றவரே.

யார் பயிலலாம் என்பதும் ஒரு வழக்காயிற்று. கத்தோலிக்க விசுவாசத்தை அறிக்கையிட்டவர்க்கே பட்டம் என்று 1564-இல் போப்பாண்டவர் ஆணையிட்டார். ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்கள் யூதர்க்குக் கதவடைத்த காலத்தில் பதுவை அவர்களை ஏற்றது. ஆனால் மற்றவரினும் கூடுதலான கட்டணம் வாங்கியது. அவ்வறிக்கை இல்லாமலே பட்டம் வழங்க 1616-இல் வெனிசு அரசு வழி செய்தது. கதவு திறந்தது, திறந்ததற்கு விலையும் இருந்தது.

இம்முறை ஹாலந்தின் லெய்டனுக்கும், அங்கிருந்து ஸ்காத்லாந்தின் எடின்பரோவுக்கும் பரவிற்று. நம் நாட்டில் 1835-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினர். மறு ஆண்டு கல்கத்தாவில், ஆயுர்வேதம் கற்பித்து வந்த மதுசூதன் குப்தா சவத்தை அறுத்தது பெருஞ்செய்தி ஆயிற்று. பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற நாடல்லவா! அவர் துணிவைப் போற்றுகின்றோம். ஆயினும் அதே காலத்தில் நம் முன்னோர் ஊர்ப் பிணங்களைச் சுமந்தனர், சுட்டனர்; இறந்த மாட்டை உரித்தனர். எந்த எலும்பு எங்கே பொருந்தும் என்பதை அவர்தம் கை அறிந்திருந்தது. அதனை எவரும் செய்தியாக எழுதவில்லை. அவர்களை எந்த அரங்கிற்கும் அழைக்கவுமில்லை.

இன்று எம்.பி.பி.எஸ். முதலாண்டில் சேரும் மாணவர் உடற்கூறு அறையில் அதே மேசையருகேதான் நிற்கின்றனர். இப்போது அங்கே கிடத்தப்படும் உடல்களுள் பல, விரும்பித் தானமாக அளிக்கப்பட்டவை. பல கல்லூரிகளில் முதல் நாளன்று அவ்வுடலுக்கு மரியாதை செய்து உறுதிமொழி எடுக்கின்றனர். அதன்பின் புத்தகத்தை ஒருபுறம் திறந்து வைத்துக்கொண்டு, தம் கையாலேயே அறுத்துப் பார்த்துக் கற்கின்றனர்.